ஒரே சாரத்தில் இரண்டு பாஷை

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஒயரிங் வேலை. சுவரைக் குடைந்து பைப் பதிப்பேன், கம்பி இழுப்பேன், சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், வீட்டுக்குப் போவேன். இதில் பேச என்ன இருக்கிறது?

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. எதையாவது பார்த்து வாய் பிளந்துவிட்டால் அதை அங்கேயே விட்டுவரத் தெரியாது. வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். சிறு வயதில் சர்க்கஸ் பார்த்துவிட்டு வந்து எங்கள் ஆட்டை ஸ்டூல் மேல் ஏற்றினேன். (ஏறியது. இறங்கத்தான் மாட்டேன் என்றது.) அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்து செய்ததை மட்டும் ஊரே வைத்திருக்கிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. தனுவச்சபுரம் தாண்டி ஒரு சின்னக் கல்லூரி இருந்தது. இப்போது இல்லை. அங்கே கம்ப்யூட்டர் அறைக்கு ஒயரிங் செய்தவன் நான். வேலை முடிந்த பிறகும் கூப்பிடுவார்கள். ஃபியூஸ் போகும். ஃபேன் நிற்கும். பல்லி பெட்டிக்குள் புகுந்து செத்துக் கிடக்கும்.

பிந்து டீச்சர் அங்கே பாடம் எடுத்தார். நெய்யாற்றின்கரைக்காரர். ஆராய்ச்சிப் படிப்பும் படித்துக்கொண்டிருந்தார். ஆறு கம்ப்யூட்டர்களை ஒரு கேபிளில் கோர்த்து, ஆறும் சேர்ந்து ஒரே கணக்கைச் செய்ய வைப்பது அவர் வேலை. அந்தக் கேபிளைக் கோர்த்தது நான். அதனால் ஆராய்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு என்று நானே நினைத்துக்கொண்டேன்.

என்ன கணக்கு என்று கேட்டேன். டீச்சர் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் சொன்னார். தமிழ்நாடும் கேரளமும் முட்டுகிற எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் வரும்.

"பெரிய தோசைக்கல்லுன்னு வச்சோ தாசே. அதை ஆறு துண்டாக்கி ஆறு பேருக்குக் கொடுத்தாச்சு. அவனவன் துண்டுல எவ்வளவு சூடுன்னு அவனவன் கணக்காக்கணும். ஆனா ஓரத்துல பக்கத்துக்காரனுக்க சூடும் தெரியணும் இல்லியா? அதைக் கேட்டும் சொல்லியும் ஒருத்தனுக்கொருத்தன் எழுத்து அனுப்பும். அத்தறயே உள்ளு."

அத்தனையேதான். (எழுத்து என்றால் கடிதம்.) எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. நான் இழுத்த கேபிளுக்குள் ஆறு பேர் உட்கார்ந்து சூடு விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. மொத்தச் சூட்டையும் அவ்வப்போது கூட்டிச் சொல்வதற்கு டீச்சரின் தோழி ஒருவர் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு புரோகிராம் எழுதி அனுப்பியிருந்தார். அதைத் தன்னுடையதோடு சேர்த்து ஓட்டினார் டீச்சர். தோசைக்கல்லின் ஒரு மூலை அடுப்பைவிடச் சூடாகிவிட்டது. மறுநாள் சூரியனைவிட. அதற்கு மறுநாள் ஐஸ். டீச்சர் சாப்பிடாமல் மெலிந்துபோனார். நான் கேபிளைப் பத்து தடவை தடவிப் பார்த்தேன். கேபிளில் குற்றம் இல்லை.

ஒரு மத்தியானம் ஃபேன் பார்க்கப் போனபோது டீச்சர் நாற்காலியில் சாய்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பயந்துபோனேன்.

"கிட்டிப்போயி தாசே" என்றார். குற்றம் எங்கே என்று கிடைத்துவிட்டதாம். அறையில் வேறு ஆள் இல்லாததால் என்னிடம் சொன்னார்.

தோழியின் கூட்டல் எழுத்தும் டீச்சரின் சூட்டு எழுத்தும் அதே ஆறு பேருக்குள்தான் போகின்றன. எழுத்தின் மேல் போடுகிற எண்ணும் தற்செயலாக ஒன்றாகிவிட்டது. இவருக்கு அவர் போட்டது தெரியாது. அவருக்கு இவர் போட்டது தெரியாது. கூட்டலுக்கு வந்த எழுத்தை ஒரு கம்ப்யூட்டர் பக்கத்துக்காரனின் சூடு என்று வாங்கி வைத்துக்கொண்டது. அதன்மேல் குற்றம் இல்லை. வந்ததை வாங்கு என்று சொன்னார்கள், வாங்கியது.

"இனி என்ன செய்யணும் டீச்சர்?"

"செய்தாச்சு. இந்த ஆறு பேருக்க வட்டம் உண்டல்லோ, அதை டூப்ளிகேட் எடுத்தேன்."

டூப்ளிகேட் சாவி தெரியும். ஆறு கம்ப்யூட்டருக்கு டூப்ளிகேட் என்றால் இன்னும் ஆறு கம்ப்யூட்டர் வருமோ என்று கதவைப் பார்த்தேன்.

"புதுசா மெஷின் வருமா?"

"இல்ல."

"கேபிளு?"

"அதே கேபிளு. அதே ஆறு பேரு. அதே வரிசை. ஆனா வட்டம் ரெண்டு. ஒரு வட்டத்துல போட்ட எழுத்து மத்த வட்டத்துல வராது. ரகசியமா ஒரு அடையாளம் உண்டு. அதை நான் போடல்ல. அதுவாப் போட்டுக்கிடும். ஆருக்கும் காண இயலாது. ஆருக்கும் மாத்தவும் இயலாது."

எத்தனை வரி எழுதினீர்கள் என்று கேட்டேன். ஒரு வரி என்றார். ஓட்டிக் காட்டினார். சூரியன் அணைந்துவிட்டது. தோசைக்கல் தோசைக்கல் ஆகிவிட்டது.

நான் அந்த அறையின் நடுவில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றேன். என் கண்ணுக்கு ஒன்றும் மாறவில்லை. பெட்டி அப்படியே, கேபிள் அப்படியே. ஆனால் அதற்குள் இரண்டு உலகம் ஒன்றையொன்று தொடாமல் போய்க்கொண்டிருக்கிறது. மாதா கோவிலில்கூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை.

"ஒரு காரியம் மட்டும்" என்றார் டீச்சர். "டூப்ளிகேட் எடுக்கும்போ ஆறு பேரும் சேர்ந்து எடுக்கணும். ஒருத்தன் வரல்லைன்னா மத்தவன் எல்லாம் நின்னுட்டே இருக்கும்." எப்படி என்று காட்டவும் செய்தார். ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினார். மற்ற ஐந்தும் நின்றுவிட்டன. வரட்டும் என்று நின்றன. நான் சாயா குடித்து முடித்தும் நின்றன. ஒருவனை விட்டுவிட்டுத் தொடங்குவதே இல்லை. என்ன மரியாதை!

அந்த மரியாதையைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவர மறந்தேன்.

அந்த வருஷம் எங்கள் வீட்டு வார்ப்பு. கான்கிரீட் கூரை போடுவதை நாங்கள் வார்ப்பு என்போம். கல்யாணமான நாள் முதல் நானும் லில்லியும் குன்னத்துகாலில் அவள் அப்பா வீட்டுச் சாய்ப்பில் இருந்தோம். பக்கத்திலேயே கொஞ்சம் மண் கிடைத்து, சுவர் எழுப்பி, இரண்டு மழைக்காலம் சுவர் நனைந்து நின்றது. மூன்றாவது மழைக்கு முன்னால் எப்படியோ வார்ப்பு வரை வந்தோம். லில்லி கல்யாணத்துக்குப் போட்டு வந்த தங்க மாலை இப்போது இரும்புக் கம்பியாகி, வார்ப்புக்கு அடித்த பலகைத் தட்டின் மேல் கிடந்தது. இது கெட்டால் மறுபடி வார்க்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

வார்ப்பைத் தொடங்கினால் முடிகிற வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் காய்ந்ததும் புதியதும் ஒட்டாது. ஆயுசுக்கும் அந்த வழியாக மழை இறங்கும். கலவையில் தண்ணீர் கூடினாலும் போச்சு, கூரைக்குப் பலம் இருக்காது. அன்றைக்கு அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லோரும் வருவார்கள். கீழே மிக்சர் மெஷின் கலவையைக் கலக்கும். சாரத்தில் படிப்படியாக ஆட்கள் நின்று சட்டிகளைக் கைமாற்றி மேலே ஏற்றுவார்கள். வீட்டுக்குப் பின்னால் பெண்கள் கஞ்சியும் மீன்கறியும் வைப்பார்கள். மேலே நிற்கிறவன் கீழே இறங்க முடியாது. குடிக்கத் தண்ணீரும் அதே சாரத்தில்தான் ஏறி வர வேண்டும்.

மிக்சர் இரைச்சலில் மேலே சொல்வது கீழே கேட்காது. ஆகவே சாரத்தின் நடுவில் ஒருவன் நின்று கூவுவான். மேலே சொன்னதைக் கீழே, கீழே சொன்னதை மேலே. வார்ப்புச் சங்கதியும் அவன் வாய் வழிதான், சாப்பாட்டுச் சங்கதியும் அவன் வாய் வழிதான். பக்கத்து வீட்டு சுகுவின் வார்ப்பில், "போதும்" என்று மேலிருந்து சொன்னது மோருக்கு. மிக்சர்காரன் மெஷினை நிறுத்திவிட்டான். எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சூரியன் ஞாபகம் வந்தது. எழுத்து மாறிப் போகிறது. இதற்கு மருந்து எனக்குத் தெரியும்!

வார்ப்பு நாள் காலையில் எல்லோரையும் கூட்டினேன்.

"எல்லாரும் ஒண்ணு கேளுங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தாசு பேசுதான்லே" என்றான் சுகு.

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வந்திருந்த யேசுவடியான் கொத்தனார் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "எலே மக்கா, மேலுக்கு ஒண்ணும் இல்லியே?"

சொன்னேன். ஆள் அதே ஆள்தான். சாரம் அதே சாரம்தான். ஆனால் வட்டம் இரண்டு. வார்ப்புச் சங்கதி முழுக்கத் தமிழில். சாப்பாட்டுச் சங்கதி முழுக்க மலையாளத்தில். கொத்தனார் தமிழ்க்காரர். லில்லி பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள். இரண்டும் எல்லோருக்கும் தெரியும். தமிழில் வந்தால் மிக்சருக்கு, மலையாளத்தில் வந்தால் அடுக்களைக்கு. எதற்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. பாஷையே சொல்லிவிடும்.

மிக்சர்காரன் செல்லப்பன் யோசித்தான். "அப்போ எனக்கு ஒரு சாயா வேணும்னா மலையாளத்துலதான் கேக்கணுமா?"

"ஆமா."

"அப்பிடிக் கேட்டா மதுரம் கூடுமா?"

கொத்தனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது. "கொள்ளாம்லே. இதை ஆரு சொல்லித் தந்தா?"

"கம்ப்யூட்டராக்கும்" என்றேன். (அந்தக் காலத்தில் இந்த ஒரு சொல்லுக்கு எல்லோரும் அடங்கிவிடுவார்கள்.)

லில்லி மட்டும் அடுக்களைப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா இல்லியே. அப்பாக்கும் சொல்லண்டாமா?"

லில்லியின் அப்பாவை நான் மாமா என்பேன். மாமா மீன் வாங்கப் பாறசாலைச் சந்தைக்குப் போயிருந்தார்.

"வந்த பொறவு சொல்லிக்கிடலாம்" என்றேன்.

நின்ற ஐந்து கம்ப்யூட்டர்கள் ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. அதற்கு மூளை கிடையாது, அதனால் நிற்கிறது, மனுசனுக்குப் பிறகு சொன்னால் போதும் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

சுகு நடுச் சாரத்தில் நின்று கூவினான். தொடங்கினோம். நான் மேலே கொத்தனார் பக்கத்தில் நின்றேன். ஃபேன் மாட்டுகிற பெட்டியும் பைப்பும் நகர்ந்துவிடாமல் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு மணி நேரத்தை எப்படிச் சொல்வது? "ஜல்லி கொறையுது" என்று தமிழ் இறங்கும், அடுத்த சட்டியில் ஜல்லி சரியாக வரும். "நாலு கட்டன்" என்று மலையாளம் இறங்கும், நான்கு பேருக்குப் பால் இல்லாத கட்டஞ்சாயா தூக்கில் ஏறிவரும். ஒரே மூங்கில், ஒரே வாய், ஒரே இரைச்சல். ஒன்று மற்றொன்றை உரசவில்லை. கேபிளுக்குள் நடக்கிறது என்று டீச்சர் சொன்னதை என் வீட்டுச் சாரத்தில் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். கொத்தனாரே ஒரு தடவை நிமிர்ந்து, "இது கொள்ளாமே மக்கா" என்றார். கண் கலங்கிவிட்டது. சிமென்ட் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குப் பிந்து டீச்சர் குடையோடு வந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். கீழே நின்று கொஞ்ச நேரம் கேட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். என் வாழ்க்கையின் உச்சம் அதுதான். அங்கேயே யாராவது என்னைத் தள்ளிவிட்டிருக்கலாம்.

அந்த நேரத்தில்தான் மாமா மீனோடு வந்தார்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லை தாண்டி ஓடுகிற பஸ்ஸில் ஆயுசு முழுக்கக் கண்டக்டராக இருந்தவர். அந்த பஸ்ஸில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். முன்னால் ஒருவர் தமிழில் "களியக்காவிளை இறங்கணும்" என்றால், மாமா பின்பக்கம் திரும்பி மலையாளத்தில் "களியிக்காவிள இறங்ஙான் ஆளுண்டோ" என்பார். தமிழில் கேட்டவனுக்கு ஏற்கெனவே கேட்டாச்சு, கேட்காத பாஷைக்காரனுக்குத்தான் சொல்ல வேண்டும், ஒருவனும் இறங்காமல் போய்விடக் கூடாது. இது அவர் கணக்கு. ஓய்வுபெற்ற பிறகும் இது போகவில்லை. கோவிலில் பாதிரியார் தமிழில் ஜெபித்தால் மாமா மெதுவாக மலையாளத்தில் சொல்லிக்கொண்டே வருவார். தான் அப்படிச் செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

குரல் வெண்கலம். மிக்சரை மீறிக் கேட்கும். சாரத்தில் சுகுவின் தொண்டை கட்டிப்போயிருந்தது. மாமாவைக் கண்டதும், "நீங்க நில்லுங்க மாமா" என்று அந்த இடத்தைக் கொடுத்துவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனான். நான் சொல்லியிருப்பேன் என்று அவன் நினைத்தான். அவன் சொல்லியிருப்பான் என்று நான் நினைத்தேன்.

வெயில் ஏறியது. கொத்தனாருக்குத் தாகம். ஒழுங்காக மலையாளத்தில் சொன்னார். "வெள்ளம் போரா. ரண்டு குடம் கூடெ!" மலையாளத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்பார்கள்.

மாமா கீழே திரும்பினார். "தண்ணி போராது! ரெண்டு குடம் கூட ஊத்து!"

தமிழ். செல்லப்பன் மிக்சரில் இரண்டு குடம் ஊற்றினான்.

கொஞ்ச நேரத்தில் மேலே வந்த சட்டிகளில் கலவை சாம்பார் மாதிரி ஆடியது. இரண்டு மூன்று சட்டி முன்னறைக்கு மேலே கொட்டியும் ஆகிவிட்டது. கொத்தனார் தமிழில் கத்தினார். "தண்ணி கூடிப்போச்சு! நிப்பாட்டு!"

மாமா கீழே திரும்பினார். "வெள்ளம் கூடிப்போயி! நிர்த்து!"

மலையாளம். வழக்கம்போல் சாரம் வரை வந்துவிட்ட தண்ணீர்க் குடத்தை அடுக்களைக்காரர்கள் திருப்பிக்கொண்டு போனார்கள். தண்ணீர் போதுமென்றால் கஞ்சி கொடுப்போம் என்று லில்லி ஒரு பானைக் கஞ்சியை ஏற்றிவிட ஆள் அனுப்பினாள்.

மேலே நாக்கு வறண்டது. "வெள்ளம் எவிடெ? இனியும் ரண்டு!"

"தண்ணி எங்க? இன்னும் ரெண்டு!"

செல்லப்பன் இன்னும் இரண்டு குடம் ஊற்றினான். அவனுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் கொத்தனாரின் சொல். தமிழில் வந்த சொல். காலையில் நான் சொல்லிவைத்தபடி.

இப்படியே போனது. மேலே தாகம் எடுக்க எடுக்கக் கலவை தண்ணீராகியது. கலவை தண்ணீராக ஆகத் தாகத்துக்குத் தண்ணீர் வருவது நின்றது. எல்லோரும் தங்கள் வேலையைச் சொன்னபடி, அச்சுப் பிசகாமல் செய்தார்கள். இவ்வளவு ஒழுங்காகக் கெட்டுப்போகிற ஒரு காரியத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்தப் பதற்றத்திலும் ஒரு பக்கம் வியப்பாகத்தான் இருந்தது.

கொத்தனார் ஒரு சட்டியைச் சாய்த்துக் காட்டினார். வடிந்தது. "இது என்னல? நாய் நக்குமா இதை? கட்டியா அனுப்புலே!"

மாமா, கடமை தவறாதவர். "இதெந்தா? பட்டி நக்குமோ இது? கட்டிக்கு அயக்கெடா!"

அடுக்களையில் லில்லி அப்போதுதான் ஏற்றிவிட்ட கஞ்சிப் பானையை நினைத்தாள். விடிவதற்கு முன் எழுந்து, பயறு போட்டு, தேங்காய் துருவி வைத்த கஞ்சி. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள் என்று பிறகு சொன்னார்கள். சாரத்தைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "வேணமெங்கில் குடிச்சா மதி!"

மாமா மேலே திரும்பினார். "வேணும்னா குடிச்சா போதும்!"

கொத்தனார் சட்டியைப் பார்த்தார். சட்டிக்குள் கலவையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எலே தாசு. வார்க்கக் கொண்டுவந்ததைச் செல்லப்பன் என்னைக் குடிக்கச் சொல்லுதானாக்கும்."

சாந்து பூசுகிற கொல்லறுவைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் போறேன்."

பாதிக் கூரை கிடக்கிறது. மேற்கே வானம் கறுத்துவிட்டது. லில்லியின் மாலை கம்பியாகக் கிடக்கிறது, பாதி மூடி, பாதி திறந்து. காலிச் சட்டி இறங்காததால் செல்லப்பன் மிக்சரை நிறுத்தினான்.

காலையிலிருந்து கேட்ட இரைச்சல் நின்றதும் ஊரே செவிடானது போல் ஓர் அமைதி. அந்த அமைதியில் கொத்தனார் கூரை விளிம்பில் நின்று கைநீட்டிக் கத்தினார்.

"இத்தனை வயசுக்கு இப்பிடி ஒரு பேச்சு நான் கேட்டதில்ல!"

நடுச் சாரத்திலிருந்து நிதானமாக, கணீரென்று வந்தது. "இத்தற வயசினு இங்ஙனெ ஒரு வர்த்தமானம் ஞான் கேட்டிட்டில்லா!"

எல்லோருக்கும் கேட்டது.

கீழே லில்லி, "ஆரா பறஞ்ஞது?" என்றாள்.

"யாரு சொன்னது?" என்று மேலே பார்த்துக் கேட்டார் மாமா.

சுகுவுக்குக் கஞ்சி மூக்கு வழியாக வந்தது. செல்லப்பன் மிக்சரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். டீச்சர் குடையை விட்டுவிட்டு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார். நான் மாத்திரம் சிரிக்கவில்லை. கொத்தனாரும். மாமாவும் சிரிக்கவில்லை, அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"எதுக்கு மக்கா சிரிக்கிதானுவ? நான் என்ன செய்தேன்? கேக்காதவனுக்குச் சொன்னேன்."

லில்லி முந்தானையைச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினாள். ஒரு கையில் தண்ணீர்க் குடம். பெண்கள் சாரத்தில் ஏறி நான் பார்த்ததில்லை. நேராகக் கொத்தனார் முன்னால் குடத்தை வைத்தாள்.

"குடியுங்க. வெள்ளமுன்னாலும் தண்ணின்னாலும் இது ஒண்ணுதான். எனக்க கஞ்சியை நாய் நக்காதுன்னு சொன்னது நீங்கதானே?"

"எந்தக் கஞ்சி? நான் கஞ்சியைக் கண்ணால கண்டேனா?" கொத்தனார் அண்ணாந்து அரைக் குடம் குடித்தார். (பானை பாதிச் சாரத்தோடு நின்றுவிட்டிருந்தது.) குடித்து முடித்ததும் கோபம் பாதியாகியிருந்தது. மீதிப் பாதி என்மேல் திரும்பியது. "எலே கம்ப்யூட்டரு! அந்த மனுசன்ட்ட நீ சொன்னியா, இல்லியா?"

"சொல்லல்ல."

"காலத்தே நான் கேட்டேன், அப்பாக்குச் சொல்லண்டாமான்னு" என்றாள் லில்லி.

கீழேயிருந்து டீச்சர் கூப்பிட்டார். சிரித்த கண்ணீர் இன்னும் காயவில்லை. "தாசே, எல்லாரும் சேர்ந்தாக்கும் எடுக்கணும்னு ஞான் பறஞ்ஞதல்லே?"

மாமா வழக்கம்போல எனக்காக அதைத் தமிழாக்கினார். நான் எங்கே போய் ஒளிவது?

"இனி எல்லாரும் இங்க நிக்குத நேரத்துல பேசிக்கிடுவோம்" என்றாள் லில்லி. "அப்பாக்கு மாத்தாம இருக்க முடியாது. அப்பா மாத்தட்டும். அப்பா மாத்த முடியாதது என்ன உண்டு?"

எல்லோரும் யோசித்தார்கள். அவளே அப்பாவின் இடுப்பு மடிப்பைப் பார்த்தாள். சாவிக் கொத்தோடு பழைய கண்டக்டர் விசில் கிடந்தது.

"வார்ப்புச் சங்கதின்னா முதல்ல ஒரு விசிலு. சாப்பாடுன்னா விசிலு இல்ல. பொறவு எந்தப் பாஷையில வேணும்னாலும் சொல்லட்டும்."

கொத்தனாரின் வயிறு குலுங்கியது. "எலே, செரியாக்கும். விசிலுக்கு மலையாளம் கிடையாதுல்லா!"

கொல்லறுவை எடுத்தார். முன்னறைக்கு மேலே கிடந்த தண்ணீர்க் கலவையை ஒரு பருக்கை விடாமல் வழித்து அதே சாரம் வழியாகக் கீழே இறக்கச் சொன்னார். நன்றாக இருந்த கலவையின் ஓரம் இன்னும் காயவில்லை. ஈரமாகத்தான் இருக்கிறது, ஒட்டும் என்று விரலால் அழுத்திப் பார்த்துச் சொன்னார். அந்த விரலைப் பார்த்தது போல் நான் வேறு எதையும் பார்த்ததில்லை.

மிக்சர் மறுபடி இரைந்தது. மாமா விசிலடித்தார். ஆண்டுகள் கழித்து அடிக்கிறார். எதிரே பஸ் நிற்பது போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடித்தார். ஒரு விசில், பிறகு செய்தி, எந்தப் பாஷையிலோ. யாரும் பாஷையைக் கவனிக்கவில்லை. விசில் இருந்தால் செல்லப்பன் நிமிர்வான். இல்லாவிட்டால் லில்லி நிமிர்வாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டீச்சரின் கேபிளில் அடையாளத்தை யாராலும் மாற்ற முடியாது என்றாரே, ஏன் என்று. நான் அடையாளமாக வைத்தது பாஷையை. எங்கள் ஊரில் பாஷையை அடையாளமாக வைப்பதும் தண்ணீரில் கோடு போடுவதும் ஒன்று. எந்தப் பாஷையில் பேசுகிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மாமா கொஞ்சம் உரக்கத் தெரியாமல் இருந்தார், அவ்வளவுதான். அந்த ஒரு வரியை முதன்முதலில் நினைத்தவன் எந்த ஊர்க்காரனோ, இதையெல்லாம் நினைத்துத்தான் எழுதியிருக்கிறான். யாரும் பார்க்காத, யாரும் தொடாத அடையாளம். கேட்டுச் சொல்லும் வாய்க்குக்கூட அது தெரியக் கூடாது.

கடைசிச் சட்டி ஏறியபோது முதல் துளி விழுந்தது. தார்ப்பாயை இழுத்து மூடினோம். டீச்சர் கஞ்சி குடித்துவிட்டு, இவ்வளவு நல்ல கஞ்சியை எங்கும் குடித்ததில்லை என்று லில்லியிடம் மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். சில வருஷம் கழித்து வெளிநாடு போய்விட்டார்.

கூரை நின்றது. அதன் கீழேதான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆனால் யேசுவடியான் கொத்தனாருக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் இடவப்பாதியில், ஜூன் மழை நன்றாகப் பிடித்த பிறகு, குடையோடு வந்துவிடுவார். முன்னறையின் நடுவில் நின்று அண்ணாந்து பார்ப்பார். ஒரு பொட்டு ஈரம் கிடையாது. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றே நினைக்கிறேன். அவருக்கும் வயதாகிவிட்டது, அண்ணாந்தால் என் தோளைப் பிடித்துக்கொள்கிறார்.

பார்த்து முடித்து நாற்காலியில் உட்காருவார். லில்லி சாயா கொண்டுவந்து வைப்பாள். கொத்தனார் டம்ளரைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு சாய்ப்புச் சாய்த்துப் பார்ப்பார். முகத்தில் சிரிப்பே இருக்காது.

"மோளே, இது குடிக்கவா, வார்க்கவா?"

லில்லி வாயைத் திறப்பதற்கு முன்னால் உள்ளறைக் கட்டிலிலிருந்து, இப்போது பாதிக் காது கேட்காத மாமா, அவளுக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று உரக்க மலையாளத்தில் சொல்லுவார்.

"லில்லியே! இது குடிக்கானோ வார்க்கானோ எந்நு சோதிக்குந்நு!"